எல்லாம் என் தப்புதான்

திமிர் பிடித்த முதலாளியிடம் காலம் தள்ளிவிடலாம். அவன் கத்துவான்; நாம் காதை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்போம்; சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவனை வாய் வலிக்கத் திட்டுவோம்; மறுநாள் காலை புதுத் தெம்போடு வந்து நிற்போம். ஆனால் பணிவு முற்றிப்போன முதலாளி ஒருவன் வாய்த்துவிட்டால் அவனை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. திட்டவும் முடியாது. திட்டினால் நன்றி சொல்வான்.

எனக்கு வாய்த்தவன் என் மனைவியின் தம்பி. ஆகவே, வீட்டுக்குப் போய்த் திட்டுகிற வசதியும் எனக்கு இல்லை.

எங்களுடையது சலவை ஆலை. துவைக்கும் இயந்திரங்கள் ஒரு வரிசை, உலர்த்தும் டிரம்கள் ஒரு வரிசை, விரிப்புகளை உள்ளே இழுத்துத் தேய்த்து வெளியே தள்ளுகிற நீராவி ரோலர் ஒன்று, கடைசியில் மடிப்பு மேசைகள். அழுக்கு வந்து இறங்கும் பக்கத்துக்கும் சுத்தமானது வெளியே போகும் பக்கத்துக்கும் நடுவே சுவர் உண்டு. இயந்திரங்கள் அந்தச் சுவரில் பதிந்து நிற்கும். இந்தப் பக்கக் கதவு வழியாகப் போட்டதை அந்தப் பக்கக் கதவு வழியாக எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரித் துணி என்றால் அப்படித்தான். எங்களுக்குச் சோறு போடுவதே அந்த ஆஸ்பத்திரிதான். ஓட்டல்கள் சில உண்டு, அவை கைச்செலவுக்கு.

மச்சான் முதலாளி, நான் சூப்பர்வைசர். போன வருடம் வரை அவனிடம் இருந்தது ஊரில் எல்லோரிடமும் இருக்கிற சராசரித் திமிர்தான். அக்கா புருஷன் என்றும் பாராமல் என்னையே "சார்" என்று கூப்பிடச் சொன்னவன். நானும் கூப்பிட்டேன், வாய் என்ன தேய்ந்தா போகிறது? அப்புறம்தான் அந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனான். பணிவுதான் தலைமைக்கு அஸ்திவாரம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். சொன்னவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், விஷயம் உண்மைதான். இவன் அதைக் கடையில் சட்டை வாங்குகிற மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வந்த அன்றே தன் அறைக் கதவைக் கழற்றச் சொன்னான். "உங்களுக்கும் எனக்கும் நடுவுல இனிமே கதவே கிடையாது," என்றான். கதவு போனதும் ரோலரின் நீராவி நேரே உள்ளே போய் அவனுடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. டீயைத் தானே போட்டுத் தானே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தான். டீ போடுகிற அம்மா வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, காலை டீ மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆறிப்போய் வந்து சேரும். யாராவது முகம் சுளித்தால், "என் தப்புதான், மன்னிச்சுக்கோங்க" என்பான். அதற்கப்புறம் எவன் வாயைத் திறப்பான்? எல்லோரும் அந்தக் கழுநீரைக் குடித்தோம்.

"சார்" ஒழிந்தது. எல்லோரும் தன்னை "தம்பி" என்று கூப்பிட வேண்டும் என்றான். அவனைவிட இளையவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் அன்றிலிருந்து அவனைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எதிரே போய் நின்று இருமுவார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மன்னிப்பு நேரத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தினமும் காலையில் இயந்திரங்களை ஓட்டுவதற்கு முன்னால் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நடுவில் மச்சான், எங்களைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு சோப்பு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பான். முந்தின நாள் நடந்த தப்பு ஒவ்வொன்றையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தானே மன்னிப்புக் கேட்பான். ரோலரில் நின்றவன் போனில் பேசிக்கொண்டே தலையணை உறைகளைக் கருக்கிவிட்டான் என்று வையுங்கள். "அவர் மனசு வேலையில நிக்கற மாதிரி ஒரு சூழ்நிலையை நான் அமைச்சுக் கொடுக்கல. என் தப்பு." ரோலர்க்காரன் நெகிழ்ந்து போவான். மறுநாளும் போனில் பேசுவான், மறுநாளும் உறை கருகும். யார் செய்த தப்பையும் இவன் ஓடிப்போய் வாங்கிக்கொள்வதால், அது எப்படி நடந்தது என்று விசாரிக்கவே வழியில்லாமல் போய்விட்டது.

இந்த லட்சணத்தில்தான் அவனுக்குச் சொந்தமாக ஒரு யோசனை வந்தது.

துணியைக் கடைசியாக அலசும்போது சாஃப்ட்னர் என்று ஊதா நிறத்தில் ஒரு திரவம் சேர்ப்போம். வாசனையாக இருக்கும், துணி பட்டுப்போல வழுக்கும். படுக்கை விரிப்புகளுக்குக் கொஞ்சமாகப் போடுவது வழக்கம். மச்சான் ஒருநாள், "நம்ம துண்டைத் தொடும்போதே நம்ம பாசம் தெரியணும்" என்று சொல்லி, எல்லாத் துணிக்கும், அதிலும் துண்டுகளுக்கு இரண்டு பங்கு, சாஃப்ட்னர் போகும்படி அதை இயந்திரத்துக்குள் செலுத்தும் பம்பை மாற்றச் சொன்னான். துண்டுக்கு அதைப் போட்டால் நூலின் மேல் ஒரு வழவழப்பு படிந்துகொள்ளும், துண்டு தண்ணீரைக் குடிக்காது. இது ஏதோ பெரிய ரகசியம் இல்லை. டப்பாவின் பின்பக்கத்திலேயே படம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் துவைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஒரு ஓட்டல்காரர் "வாசனை பிரமாதம்" என்று சொல்லிவிட்டார். பயிற்சிக்காரர்கள் மறுபடி நடத்திய கூட்டத்தில் மச்சான் மேடையேறி இந்தத் துண்டுக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டான். இனி அது யோசனை அல்ல, அவன் பெற்ற பிள்ளை.

துவைக்கும் வரிசையைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் ஹாரன் அக்கா என்போம். இயந்திரங்களுக்கு நடுவே கத்திக் கத்தியே அந்தக் குரல். பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு கேட்டாலும் தெருக்கோடி வரை கேட்கும். வாய் அதிகம். ஒருமுறை தண்ணீர் சரியாக வரவில்லை என்று குழாய்க்காரனோடு சண்டை போட்டு, குழாயையே மாற்றவைத்து, கடைசியில் அவரே தலைகீழாக மாட்டிய வடிகட்டிதான் காரணம் என்று தெரிந்தபோது, "சரி சரி, விடுங்க" என்றதோடு முடித்துக்கொண்டவர். அவரை நான் தெய்வம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"தம்பி, துண்டுக்கு இதை ஊத்தாதீங்க. ஆஸ்பத்திரித் துண்டு வேற. தண்ணியைக் குடிக்காது. அப்புறம் நம்மளைக் குடிப்பாங்க."

மச்சான் வாளியிலிருந்து எழுந்து கைதட்டினான். எங்களையும் தட்டச் சொன்னான். "முதலாளி முகத்துக்கு நேரா உண்மையைச் சொல்றாங்க பாருங்க, இந்தத் தைரியத்தைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்!" என்றான். அடுத்த நாள் 'துணிவான குரல்' என்று அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தான்.

"இதை வெச்சு நான் என்ன பண்றது? பம்பை நிறுத்துங்க," என்றார் ஹாரன் அக்கா.

"நீங்க சொன்னதை மனசுல வெச்சிருக்கேன்க்கா."

வைத்தான். பம்பும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே துணிகளுக்குப் பொறுப்பாக ஒரு மேடம் இருக்கிறார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்பது போல இருப்பார். மச்சானும் நானும் ஓடினோம். அறுவை அறையில் கை கழுவிவிட்டு வரும் டாக்டர்கள் எங்கள் துண்டில் எத்தனை துடைத்தாலும் ஈரம் போகவில்லையாம். ஈரக் கையில் கையுறை ஏறவில்லையாம். மேடம் ஒரு துண்டை மேசையில் விரித்து, பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டார். சொட்டு உள்ளே இறங்கவில்லை. உருண்டையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

"மேடம்," மச்சான் நெஞ்சில் கை வைத்தான், "எல்லாம் என் தப்புதான்."

"யார் தப்புன்னு நான் கேட்கல. என்ன காரணம்னு கேட்டேன்."

"முழுப் பொறுப்பையும் நானே ஏத்துக்கறேன் மேடம்."

நான் வாயைத் திறந்தேன். மச்சான் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். "என் மாமாவை எதுவும் சொல்லிடாதீங்க மேடம். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல," என்றான். அதுவரை என்னைக் கண்டுகொள்ளாத மேடம், அப்படி என்ன செய்துவிட்டாய் என்பது போல என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிவனே என்று நின்றவன் மேல் சேறு தெளிப்பதற்கும் பணிவில் இடமிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு மச்சான் எல்லாவற்றையும் மாற்றினான். சோப்பை மாற்றினான். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினான். புதுத் துண்டுகளே வாங்கிக் கொடுத்தான். அவை நன்றாகக் குடித்தன, சில சலவை ஆனதும் அவையும் குடிப்பதை நிறுத்தின. பம்பை மட்டும் தொடவில்லை. பொறுக்க மாட்டாமல் ஒருநாள் நானே அதை நிறுத்தினேன். மறுநாள் மன்னிப்பு நேரத்தில், "என் மாமாவுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லாதது என் தப்பு" என்று என் சார்பில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி ஓடவிட்டான். இந்த அவமானத்தை நான் எங்கே போய்ச் சொல்ல? வீட்டில் சொன்னேன். "அவன் உங்களுக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்டிருக்கான். அதுவும் குத்தமா?" என்றாள் என் மனைவி.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாவது புகார் வந்த மறுநாள் காலை மச்சான் வாளியில் உட்கார்ந்து, "துண்டு விஷயத்துல எல்லாம் என் தப்பு" என்று ஆரம்பித்தான்.

"எது?" என்று ஒரு சத்தம். ஹாரன் அக்காதான்.

"எல்லாமே அக்கா."

"எல்லாமேன்னா எது? சோப்பு உங்க தப்பா? தண்ணி உங்க தப்பா? மழை பெய்யலைன்னா அதுவும் உங்க தப்பா? 'அந்த ஊதா தண்ணியை ஊத்தச் சொன்னது நான், அது தப்பு'ன்னு வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லுங்களேன் தம்பி! பம்பை நிறுத்த வக்கில்ல, தினம் பொழுது விடிஞ்சா மன்னிப்பு, மன்னிப்பு! உங்க மன்னிப்பை வெச்சு ஒரு ஈரக் கையைத் துடைக்க முடியுமா?"

ரோலர்க்காரன் சிரித்துவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று என்று நினைக்கிறேன். மச்சானின் காது மடல் சிவந்தது. பழைய மச்சானாக இருந்தால் கத்தியிருப்பான், ஹாரன் அக்கா திருப்பிக் கத்தியிருப்பார், மதியத்துக்குள் எல்லாம் அடங்கியிருக்கும்.

"அக்கா," என்றான், குரல் தழுதழுத்தது, "உங்களை வழிநடத்தற தகுதி எனக்கு இல்ல. உங்க திறமைக்கு நான் தடையா இருக்கக் கூடாது. இந்த இடத்துல இருந்து உங்களை நான் விடுவிக்கறேன்."

வேலையை விட்டு அனுப்புகிறான் என்பது எங்களுக்கு உறைக்கவே சிறிது நேரம் ஆயிற்று. ஹாரன் அக்காவுக்கு முதலில் உறைத்துவிட்டது.

"தம்பின்னு கூப்பிடுன்னு சொன்னது நீங்க. தம்பியைத் திட்டற மாதிரி திட்டினா மட்டும் பொறுக்கலையா?" என்று கேட்டுவிட்டு, கையுறைகளைக் கழற்றி இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். மச்சான் அழுதான். மடிப்பு மேசைப் பெண்கள் அவனைச் சமாதானம் செய்து தண்ணீர் கொடுத்தார்கள். வேலை போனது ஒருவருக்கு, தண்ணீர் இன்னொருவனுக்கு. நான் தலையில் அடித்துக்கொண்டு துவைக்கும் வரிசைக்குப் போனேன், அங்கே ஆள் இல்லையே.

சில நாள் கழித்துப் பார்த்தால் துண்டுகளுக்குப் போகும் பம்பு நின்றிருந்தது. யார் நிறுத்தியது என்று எல்லோரையும் கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை. மச்சானைக் கேட்டதற்கு, "எல்லாம் நம்ம ஆளுங்க உழைப்பு மாமா" என்றான். நான் கேட்ட கேள்விக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. போகட்டும், நின்றதே பெரிது என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு சலவையிலும் வழவழப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, துண்டுகள் மறுபடி தண்ணீர் குடித்தன. புகார் நின்றது. மச்சான் தனியாகப் போய் மேடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அன்று எல்லோருக்கும் டீ சூடாகவே வந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் ஹாரன் அக்கா வாசல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். "அண்ணே" என்று கூப்பிட்டார். கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை, இரண்டாம் தடவைதான் கேட்டது. அவர் மெதுவாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சலவை ஆலையில் வேலை கேட்டுப் போனாராம். இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார்களாம், காட்டினாராம், அவர்களுக்கும் பிடித்துப்போயிற்றாம். திங்கட்கிழமை வரச் சொன்னவர்கள், திங்கட்கிழமை போனபோது உட்காரவே சொல்லவில்லையாம்.

"ஆஸ்பத்திரி மேடத்தை விசாரிச்சிருக்காங்க அண்ணே. துண்டு எல்லாத்தையும் கெடுத்தது நான்தான்னு மேடம் சொல்லியிருக்காங்க. நான் போனதும் துண்டு சரியாயிடுச்சாம். வேற ரெண்டு இடத்துலயும் அதே பேச்சு. எங்க வீட்டுல வர்ற ஒரே சம்பளம் என்னோடது. வீட்டுக்காரரு முதுகு அப்படி, எழுந்திரிச்சு நடந்தாலே பெரிசு. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

விடுமுறை நாளில் மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அந்த வாரமும் வந்தான். சாப்பிட்டு முடித்ததும், தன் அக்காவை வேலை செய்ய விடக்கூடாது என்று தட்டுகளைத் தானே எடுத்துப்போய்க் கழுவினான், ஒன்று உடைந்தது. "என் தப்பு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. என் மனைவி, "பரவாயில்லடா கண்ணு" என்றாள். நான் எழுந்துபோய் சமையலறை வாசலில் நின்று ஹாரன் அக்கா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மேடத்துக்கிட்ட நீ என்னடா சொன்ன?"

"நான் அவங்களை ஒரு வார்த்தை குறை சொல்லல மாமா. சத்தியமா. எல்லாம் என் பொறுப்புன்னுதான் சொன்னேன். அந்த மெஷினைப் பார்த்துக்கிட்டவங்க இப்ப இல்லைன்னு சொன்னேன். அது உண்மைதானே? அவங்களா ஏதோ நினைச்சுக்கிட்டா..."

"நினைச்சுக்கட்டும்னு விட்டுட்ட."

"எல்லாம் என் தப்புதான் மாமா," என்றான். கையில் சோப்பு நுரை. முகத்தில் அந்தப் பாழாய்ப்போன பணிவு. எனக்கு அந்த நுரையோடு அவனை அப்படியே ஒரு டிரம்மில் போட்டுச் சுற்றினால் என்ன என்று இருந்தது.

என் மனைவி அதுவரை உடைந்த தட்டின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்:

"அந்தப் பம்பை யாருடா நிறுத்தினது?"

மச்சான் குழாயைத் திறந்தான்.

"குழாயை மூடு. யார் நிறுத்தினது?"

"நான்தான்க்கா."

"எப்ப?"

மச்சான் குழாயை இன்னும் இறுக்கி மூடினான்.

"அவங்க போனப்புறம்தானே?" அவள் எழுந்து நின்றாள். "அப்ப அவங்க சொன்னது சரின்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சு, யாருக்கும் தெரியாம நிறுத்தியிருக்க. பழியை அவங்க தூக்கிக்கிட்டு வேலைக்கு அலையறாங்க. நீ இங்க வந்து என் தட்டைக் கழுவறியா?"

என் மனைவி தம்பியிடம் அந்தக் குரலில் பேசி நான் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை போலிருக்கிறது. சுவரோடு சாய்ந்தான்.

"எல்லா..." என்று தொடங்கினான்.

"எல்லாம்னு சொன்னா வாயிலயே போடுவேன். எதுன்னு சொல்லு."

உலகத்துத் தப்பையெல்லாம் வாரி வாரி வாங்கிக்கொண்ட வாய், தன்னுடையது ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் பூட்டிக்கொண்டது. அந்த நேரம் அவனைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"துண்டுக்கு சாஃப்ட்னர் போடச் சொன்னது நான்," என்றான் கடைசியில். "அவங்க வேண்டாம்னாங்க. எல்லாருக்கும் முன்னாடி சொன்னாங்க. மேடையில வேற பேசிட்டேன்... இப்ப நிறுத்தினா நான் முட்டாள்னு ஆயிடும்னு நிறுத்தல." நுரைக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அவங்க கத்தினதுக்காக நான் அனுப்பலக்கா. அவங்க சொன்னது சரிங்கறதுக்காக அனுப்பினேன்," என்றான்.

அழவில்லை. அழுதிருந்தால் நான் வெளியே போயிருப்பேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனோம். மேடத்தின் மேசை முன்னால் மச்சான் நெஞ்சில் கை வைக்கவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். சாஃப்ட்னர், பம்பு, யார் வேண்டாம் என்றது, யார் கேட்கவில்லை, எப்போது நிறுத்தியது, எல்லாவற்றையும் சொன்னான். கோர்வையாக வரவில்லை, திக்கித் திக்கித்தான் வந்தது.

"அப்ப முதல் தடவை இங்க நின்னப்பவே உங்களுக்குத் தெரியும்?" என்றார் மேடம்.

"சந்தேகம் இருந்துச்சு. ரெண்டாவது புகார் வந்தப்ப தெரியும்."

"தெரிஞ்சும் என் டாக்டர்களுக்கு அதே துண்டை அனுப்பினீங்க."

"ஆமா மேடம்."

இந்த முறை மேடம் என் பக்கம் பார்க்கவே இல்லை. அறுவை அறைத் துணிகளை அந்த நிமிடமே எங்களிடமிருந்து எடுத்துவிட்டார். வார்டு விரிப்புகள் மட்டும் இருக்கட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார். அது எங்களுக்குப் பெரிய அடி. மச்சான் கெஞ்சவில்லை. "அந்த அம்மா மேல தப்பில்லைன்னு விசாரிச்சவங்ககிட்ட நீங்க சொல்லணும்" என்றான். "நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க செஞ்சதை நீங்க போய்ச் சொல்லுங்க," என்று மேடம் அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். நியாயம்தான்.

அங்கிருந்து ஹாரன் அக்கா வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி, வராந்தாவில் துணி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் கணவர் தரையில் படுத்தபடி தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். ஹாரன் அக்கா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று மச்சான் முந்தின நாள் சமையலறையில் சொன்னதையும், மேடத்திடம் சொன்னதையும் சொன்னான்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"அறுவை அறைத் துணியை எடுத்துட்டாங்க."

"எடுக்கத்தான் செய்வாங்க," என்றார் ஹாரன் அக்கா.

"நீங்க திரும்பி வரணும்க்கா. நாளைக்கே வாங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தார் என்பதே எனக்கு நம்பிக்கையாக இருந்தது. அவர் இல்லாமல் துவைக்கும் வரிசையில் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

"வேண்டாம் தம்பி," என்றார். "கோபத்துல சொல்லல. உங்ககிட்ட வேலை செஞ்சு எனக்கு உடம்பு வலிச்சதில்ல. ஒவ்வொரு தடவையும் சொல்லி, அதுக்கு நன்றி வாங்கி, அது அப்படியே கிடக்கறதைப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சு. நீங்க மாறியிருக்கலாம். மாறலைன்னா மறுபடி வெளிய நிக்க எங்களுக்குத் தெம்பு இல்ல. அந்தப் பாலத்துக்காரங்களுக்குப் போனைப் போடுங்க. என் முன்னாடி போடுங்க. எனக்கு அது போதும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான், அதற்குப் பலன் நல்ல ஆளைப் போட்டிக்காரனுக்குத் தாரை வார்ப்பதா? "மச்சான், கொஞ்சம் இரு, நாளைக்குப் பேசிக்கலாம்" என்று அவன் தோளைத் தொட்டேன். அவன் என் கையை விலக்கிவிட்டுப் போனை எடுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து முதலாளிக்கு முதலில் எதுவுமே புரியவில்லை. போட்டிக்காரன் ஒருவன் கூப்பிட்டு, ஆஸ்பத்திரித் துண்டைக் கெடுத்தது நான்தான், உங்களிடம் வந்த அந்த அம்மா இல்லை, அவர் அதைத் தடுக்கப் பார்த்தவர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மச்சான் மறுபடி முதலிலிருந்து சொன்னான். வராந்தாவில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

"என்னங்க இது வேடிக்கை," என்றது போன். "அவ்வளவு நல்ல ஆளுன்னா நீங்களே வெச்சுக்க வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டாங்க."

"ஏனாம்?"

மச்சான் ஹாரன் அக்காவைப் பார்த்தான். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவங்க ஒண்ணை நிறுத்தச் சொன்னா அன்னிக்கே நிறுத்திடுங்க," என்றான் போனில். "நான் அவங்களை அனுப்பிட்டு நிறுத்தினேன்."